கோமகனின் தகடு

ஹொல்ம்லியா,
ஒஸ்லோ,
10 செப்டெம்பர் 2025, புதன்கிழமை

மாதா துணை

அன்புள்ள யூலியா அக்காவுக்கு,

தம்பி கிளெமென்ற் எழுதுகிறேன். அரைமணி நேர ரயில் தூரத்தில் இருப்பவன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நெஞ்சைப் பிடித்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் மச்சாள் கரோலினா சுகமாக இருக்கிறாள். எனக்கும் உடம்பில் குறையில்லை. பயம் மட்டும்தான், அது நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி எனக்குப் போன் எடுக்க வேண்டாம். வைபர், வட்ஸ்அப் ஒன்றும் வேண்டாம். போனில் கதைப்பதெல்லாம் எங்கோ பதிவாகிறது என்று வேலை இடத்தில் சொல்கிறார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசையிலும் கேட்க வேண்டாம். அங்கே சுவருக்கு மட்டுமல்ல, மெழுகுதிரிக்கும் காது உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். தபால்காரர் இப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வருகிறார் என்றாலும், கடிதத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு ஒரு சின்னப் பொதி வருகிறது. உள்ளே இருப்பது மண்ணுக்குள் இருந்து வந்த ஒரு தகடு. அதற்கு மேல் விளக்கமாக எழுத எனக்குத் துணிவில்லை. யாருடையது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. அது என்னிடம் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தால் என் அலுவல் அதோடு முடிந்தது. இரண்டு கிழமைக்குள் இரண்டு தரம் எங்கள் வேலை இடத்துக்குப் பொலிஸ் வந்துவிட்டது. நான் என் சப்பாத்துக்குள் ஒளித்து, குளிர்பெட்டிக்குள் ஒளித்து, ஒருநாள் கரோலினாவின் தையல் பெட்டிக்குள்ளும் ஒளித்துப் பார்த்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வழி கிடைக்கும் வரைக்கும் உங்களிடம் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு நடுக்கம் என்று கேட்பீர்கள். மார்ச் மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டேன் அல்லவா. அதில் ஒரு கேள்வி, குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று. இல்லை என்று போட்டேன். அப்போது அது உண்மை. அகதிப் பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகம் எல்லாம் போகலாம், அம்மா இருக்கிற நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அம்மாவுக்கு எழுபத்து நாலு ஆகிறது. நான் கண்ணால் கண்டு பதினைந்து வருடம். பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே வங்காலைக்குப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம்.

நீங்கள் எட்டு வருடமாக இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துக்கொண்டு ஒரு தரமும் அம்மாவிடம் போகவில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறீர்கள். சண்டைக்குக் கேட்கவில்லை. இருக்கிறவருக்கு அருமை தெரியாது, அவ்வளவுதான்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
கிளெமென்ற்


லில்லெஸ்ட்ரோம்,
16 செப்டெம்பர்

தம்பி,

நீ அனுப்பியது வந்தது. இப்போது இல்லை. இனி அதை என்னிடம் கேட்காதே.

கீழே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி உன் கடிதத்தை வாசித்தேன். அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் படியில் இருந்துவிட்டேன். அதைக் கடதாசியில் எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. எழுதியது போதாதென்று அதையே உறைக்குள் வைத்துத் தபாலிலும் போட்டிருக்கிறாய். உனக்கு வயது முப்பத்தைந்து, கிளெமென்ற். இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வயதில்லை.

பொதியை நான் பிரிக்கவில்லை. விரலால் தடவினேன். சின்னது, மெல்லியது. ஓரத்தில் எழுத்து மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. அதோடு கையை எடுத்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போக வேண்டிய நேரம். சுகமில்லை என்று சொல்லிவிட்டு, மேல்சட்டையின் பைக்குள் அதை வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். நாயோடு ஒரு வயதான மனிசி போய் முடியும் வரைக்கும் நின்று, பிறகு போட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைச் சட்டிக்குள் வைத்து எரித்தேன். புகைமணி அடித்து மேல்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். மீன் கருகிப்போச்சு என்று சொன்னேன். வெறும் சட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் நீ கொண்டுவந்து கட்டிவிட்டாய்.

யார் உனக்கு அதைத் தந்தது. எந்தக் குழிக்குள் இருந்து எடுத்தது. ஊரில் காணி வெட்டுகிற யாரும் கொண்டுவந்தார்களா. யாருடையது என்று பொறித்திருக்கிறது என்கிறாய். அதை எனக்குச் சொல்லாதே. நான் கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று. அம்மாவின் காதுக்கு இது போகவே கூடாது. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா


ஹொல்ம்லியா,
21 செப்டெம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே ஆறு தரம் போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நான்தானே எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன், சொன்ன சொல்லைக் காத்திருக்கிறீர்கள். இன்றைக்குப் பூசைக்கும் நீங்கள் வரவில்லை. பின்னேரம் லில்லெஸ்ட்ரோமுக்கு வந்து உங்கள் கதவைத் தட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தது. தட்டியதும் அணைந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

இனி மறைத்து என்ன காண்பது. எழுதிவிடுகிறேன். நீங்கள் ஆற்றில் போட்டது ஒரு காசு. எழுநூறு வருடத்துக்கு முந்திய வெள்ளிக்காசு.

ஒஸ்லோவின் பழைய நகரப் பக்கத்தில் இப்போது நாங்கள் வீடுகளுக்கான சுடுநீர்க் குழாய் புதைக்கிறோம். அந்த மண்ணுக்குள் பழைய ஊர் ஒன்று முழுவதும் கிடப்பதால், இயந்திரம் கிண்டும்போது தொல்பொருள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு நிற்பது சோபிகா என்று ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கே ஒஸ்லோவில், ரொம்மனில் வளர்ந்தவள். சாப்பாட்டுக் கொட்டிலின் சுவரில் ஒரு படம் ஒட்டி எங்களுக்கு விளக்கினாள். "அண்ணை, இப்பிடி ஒண்டு கண்டியள் எண்டால் கையாலை துடைக்காமல் என்னைக் கூப்பிடுங்கோ. இது ஹெர்த்துக் ஹோகோன்ரை காசு" என்றாள். ஹெர்த்துக் என்றால் கோமகன். அண்ணன் எய்ரிக் நாடு முழுவதுக்கும் ராசா. தம்பி ஹோகோனுக்கு ஒஸ்லோவும் இந்தப் பக்கமும் பங்கு. அண்ணன் இருக்கும்போதே தம்பி தன் பேரைப் பொறித்துக் காசு அடித்திருக்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்கு அப்படி என்ன கிடைத்தது.

அன்று மாலை வீட்டில் வேலைச் சப்பாத்தின் அடிப்பக்கத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது சேற்றோடு அது விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. கழுவினால் ஓரத்தைச் சுற்றி லத்தீன் எழுத்து, சோபிகா ஒட்டிய படத்தில் இருந்தது போலவே. அக்கா, நான் களவெடுக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, சோபிகாவிடம் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். வாசலில் பொலிஸ் கார். கொன்ரெயினரை உடைத்து யாரோ வேலைக் கருவிப் பெட்டிகளைக் களவாடிவிட்டார்களாம். வரிசையாக நிற்கவைத்துப் பேரும் பிறந்த இலக்கமும் கேட்டார்கள். வரிசையில் நிற்கச் சொன்னதோடு எனக்கு அறிவு போய்விட்டது. மலகூடத்துக்குப் போய்க் காசைக் காலுறைக்குள் விட்டேன். அன்று கொடுக்காததால் அடுத்த நாள் ஏன் நேற்றுத் தரவில்லை என்பார்களே என்று பயம். அதற்கடுத்த நாள் இன்னும் கூடப் பயம். 1650க்கு முந்திய காசு எல்லாம் இங்கே அரசாங்கத்தின் சொத்து. வைத்திருந்தால் குற்றம். ஆற்றில் போட்டால் என்ன குற்றம் என்று எனக்குத் தெரியாது.

காசு என்று எழுதினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துதான் தகடு என்று எழுதினேன். எந்தக் குழி என்று நீங்கள் கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். இன்றைக்கு ரயிலில்தான் விளங்கியது. இயக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் கட்டியிருந்த இலக்கத் தகட்டை நினைத்துவிட்டீர்கள். அந்த நினைவு இல்லாமல் அப்படி எழுதியது என் பிழை.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. யாருடையது என்று சொல்லாதே என்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்கிறீர்கள். அது ஆன்ட்ரியாஸ் அண்ணாவுடையது என்றா நினைத்தீர்கள்? அவருடைய தகடு அவரோடேயே போய்விட்டது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள்.

தம்பி,
கிளெமென்ற்


லில்லெஸ்ட்ரோம்,
26 செப்டெம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

கதவைத் தட்டியது நீ என்று தெரியாது. கதவுத் துளையால் பார்த்தேன். மழைச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்ட ஒரு ஆள். விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குளியல் தொட்டிக்குள் இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லிச் சிரித்தவள் நான்.

காசு என்று வாசித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் கோமகன் எழுநூறு வருடம் சேற்றுக்குள் கிடந்து தப்பியிருக்கிறான், மன்னார்க்காரி ஒருத்தியின் கையில் ஒரு மணித்தியாலம் தப்பவில்லை. பிறகு உன் பாஸ்போட்டை நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சண்டை முடிந்து வந்தபோது, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமி ஒலிபெருக்கியில் கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்கள்கூட வந்து பதிய வேண்டும், பதிந்தால் விடுவோம் என்றார்கள். நீ அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். ஆன்ட்ரியாஸ் என்னிடம் வந்தான். கழுத்தில் கிடந்ததை அறுத்து என் கைக்குள் வைத்து என் விரல்களை மூடிவிட்டான். "அக்கா, இதை வைச்சிரு. ரெண்டு நாளிலை வந்து வாங்கிறன்" என்றான். அவனை இயக்கத்துக்காரர் பலவந்தமாகத்தான் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள், பத்து மாதம்தான் இருந்தான் என்று எல்லாம் அங்கே யார் கேட்டார்கள். ஆமியின் பஸ்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

முகாமில் நாலு நாள் அதை என் சட்டைக்குள் தைத்து வைத்திருந்தேன். நாலாம் நாள் பெண் ஆமிக்காரர் கூடாரம் கூடாரமாகச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வரிசையில் ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். அவளிடம் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம். உனக்குப் பத்தொன்பது வயது, அவனைப் போலவே முகம். என்னிடம் தகடு இருந்தால் உன்னையும் கொண்டுபோவார்கள். மலகூடக் குழிக்குள் போட்டேன். போட்டு ஒரு மணித்தியாலத்தில் அவர்கள் எங்கள் வரிசைக்கு வராமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

அம்மா கேட்டபோது, அவன் தன்னோடு கொண்டுபோய்விட்டான் என்று சொன்னேன். இரண்டு நாளில் அவனே வந்துவிடுவான், வந்தால் அவனிடம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் இரண்டு வருடம் ஆயிற்று. பிறகு எப்படிச் சொல்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவோடு போனில் காலநிலையைக் கதைத்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்போட் இருந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டாய். அம்மா வீட்டு மேசையில் அவன் படம் இருக்கிறது. நான் அதற்கு முன்னால் இருந்து சாப்பிட வேண்டும்.

உன் பொதி வந்த அன்று, குழிக்குள் போட்டது என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். சின்னதாக இருந்தது. இத்தனை வருடத்தில் மண் அரித்திருக்கும் என்று நினைத்தேன். அதுதான் திரும்பவும் போட்டேன். அதே பயம், தம்பி. பதினாறு வருடத்தில் ஒரு துளியும் குறையவில்லை.

என்னை நீ என்ன வேண்டுமென்றாலும் சொல்லு.

அக்கா யூலியா


ஹொல்ம்லியா,
1 ஒக்டோபர்

அக்கா,

காசுக்காக உங்களைக் கோபிக்கவில்லை. அது என் கையால் வந்த வினை.

ஊரில் எங்காவது காணி வெட்டும்போது எலும்போடு தகடும் வந்ததாம் என்று பேப்பரில் போட்டால், அம்மா விடியப் பஸ் ஏறிப் போகிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு போகிறார். அங்கே வரிசையில் நின்று முறை வரும்போது அலுவலர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். "அம்மா, மகன்ரை இலக்கம் என்ன?" அம்மா தெரியாது என்கிறார். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். இது எத்தனை தரம் நடந்தது என்று நான் எண்ணவில்லை. போன மாதமும் நடந்தது. அன்றைக்கு என்னிடம் போனில் கேட்டார், "கிளெமென்ற், உனக்கெண்டாலும் நினைவிருக்கோ? நீ அவனோடை தானே படுத்தனி?" நான் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். அம்மா அழவில்லை. "ஓம், நீ சின்னப் பிள்ளைதானே" என்றார்.

நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள் என்று விளங்குகிறது. குழிக்குள் போட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் போட்டிருப்பேன். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, கையில் சிவப்புப் பாஸ்போட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் அம்மாவை அந்த வரிசையில் நிற்க விட்டீர்களே. இங்கே உங்களை யார் பிடிக்க வந்தார்கள்.

காசின் விடயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம். என் தலையில் விழுவது விழட்டும்.

இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

கிளெமென்ற்


லில்லெஸ்ட்ரோம்,
19 ஒக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி கிளெமென்றுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இதை வாசிக்காமல் எறிந்தாலும் பரவாயில்லை. நான் எழுதாமல் இருக்க முடியாது.

போன புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு உன் வேலை இடத்துக்குப் போனேன். நீ அன்றைக்குப் பின்னேர வேலை என்று கரோலினாவிடம் கேட்டுத் தெரிந்துதான் காலையில் போனேன். கம்பி வேலிக்கு வெளியே அரைமணி நேரம் நடந்தேன். உள்ளே போகிற ஒவ்வொரு மஞ்சள் சட்டையும் பொலிஸாகத் தெரிந்தது. இரண்டு தரம் ட்ராம் தரிப்பு வரைக்கும் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் ஒரு பிள்ளை வேலிக்குப் பக்கத்தில் சேற்றை அரித்துக்கொண்டு நின்றது. தமிழ் முகம். "நீங்கள் சோபிகாவோ?" என்று கேட்டேன்.

கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி தந்தாள். நான் உன் பேரையும் என் பேரையும் சொல்லி, காசை ஆற்றில் போட்டது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பிள்ளை ஒரு படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தது. பிறகு சொன்னாள், "அன்ரி, கிளெமென்ற் அண்ணை போன கிழமையே வந்து சொல்லிப்போட்டார். தான்தான் பயத்திலை ஹொல்ம்லியாக் கடலிலை எறிஞ்சனான் எண்டு. அக்கா எண்டு ஒரு ஆள் இருக்கிறதாவே அவர் சொல்லேல்லை."

கோப்பியைக் கீழே வைத்தேன்.

"அவர் கடல் எண்டுறார், நீங்கள் ஆறு எண்டுறியள். ஒரு காசு ரெண்டு தண்ணியிலை தாழாது அன்ரி. நான் ரப்போர்ட்டிலை எதை எழுதிறது?" என்றாள்.

கிளெமென்ற், இனி எழுதாதே என்று எழுதிப்போட்டு, அந்தக் கையாலேயே என் பங்கையும் உன் தலையில் போட்டிருக்கிறாய். வைத்திருந்ததோடு எறிந்ததும் சேர்ந்தால் உன் விண்ணப்பத்துக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். அந்தக் கொட்டிலில் இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு உண்மையை அடியில் இருந்து சொன்னேன். தகடு என்று நீ எழுதியதைச் சொன்னதும் அவள் குழம்பிவிட்டாள். "தகடு எண்டால் பிளாத்த தானே அன்ரி? தகரம் மாதிரி. அதுக்கு ஏன் பயப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை. அந்தச் சொல்லுக்கு அவளிடம் வேறு அர்த்தமே இல்லை. பதினாறு வருடம் யாருக்கும் சொல்லாததை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் என்னோடு பாலத்துக்கு வந்தாள். நின்ற இடத்தைக் காட்டினேன். ஆறு மழைத் தண்ணீரில் மண்நிறமாக ஓடியது. கிடைக்காது என்று அவளே சொல்லிவிட்டாள். தான் உள்ளதை உள்ளபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், நீயாக வந்து சொன்னதையும் அதில் எழுதுவதாகவும் சொன்னாள். "அவையள் என்ன முடிவு எடுப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் இல்லை எண்டு விடலாம், பொலிசுக்கும் அனுப்பலாம். பொய் சொல்லி உங்களை ஆறுதல்படுத்த எனக்கு விருப்பமில்லை" என்றாள். ஆகவே உனக்கு ஒரு கடிதம் வரும், எனக்கும் வரும். பாஸ்போட் பிந்தலாம். எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் விடவில்லை, தம்பி. நேற்றும் யாரோ கதவைத் தட்டியபோது விளக்கில் கை போனது. ஆனால் அணைக்கவில்லை. விளம்பரம் கொடுக்க வந்த பொடியன்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பொருளின் மேல் என்ன எழுதியிருந்தது என்று. சோபிகா என்னிடம் கேட்டாள். பார்க்கவில்லை என்று சொன்னேன். எழுநூறு வருடத்துக்கு முந்தி ஒருவன் தன் பேரை வெள்ளியில் பொறித்து விட்டிருக்கிறான், கடைசியாகக் கையில் வைத்திருந்த எனக்கு அதைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதற்கு நீ என்னை மன்னிப்பாயோ தெரியாது. ஆன்ட்ரியாஸின் இலக்கம் எனக்குத் தெரியும். நாலு நாள் சட்டைக்கு மேலால் விரலால் தடவித் தடவி மனப்பாடம் ஆனது. மறக்கக் கூடாது என்று, இங்கே வந்து வங்கி அட்டை எடுத்தபோது அந்த இலக்கத்தின் கடைசி நாலையும் இரகசிய எண்ணாகப் போட்டேன். பால் வாங்கினாலும் பாண் வாங்கினாலும் அதைத்தான் அமத்துகிறேன். வாயால் ஒரு தரமும் சொன்னதில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவரை வரிசையில் நிற்க விட்டேன். நீ எழுதியது சரி. இங்கே என்னைப் பிடிக்க யாரும் வரவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் திகதிக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ போகும் வரைக்கும் அம்மாவை வரிசையில் நிற்க விடாமல் இருத்தி வைத்திருப்பது இனி என் வேலை. அட்டைக்கு வேறு எண் யோசிக்க வேண்டும், ஒன்றும் மனதில் நிற்கிறதில்லை.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் வழமைபோல் அங்கே குளிரோ என்று கேட்டார். குளிரைப் பற்றிக் கதைக்கவில்லை. தகடு என்ற சொல்லைச் சொல்லித்தான் தொடங்கினேன். ஓமந்தையையும் குழியையும் சொன்னேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், ஏசுவார் என்று நினைத்தேன். "இலக்கம் என்னிட்டை இருக்கு அம்மா" என்றேன். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. எதையோ தட்டிவிட்டுத் தேடுகிற சத்தமும் கேட்டது.

"பொறு பிள்ளை," என்றார். "பேனை எடுக்கிறன். ஆறுதலாச் சொல்லு."

உன் அக்கா,
யூலியா